புது பஞ்சாயத்து கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: பழைய மினிட்ஸ் புக்க ஊர் முன்னால திறங்க

பிரசிடெண்ட் அம்மணிக்கும் வைஸ் பிரசிடெண்டுக்கும் எல்லா வார்டு மெம்பருங்களுக்கும் வணக்கமுங்க.

நான் இந்த பஞ்சாயத்துல ஒரு ஓட்டர், பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல தையக்கடை வச்சிருக்கேன், எந்தக் கட்சிலயும் இல்ல. 2025 டிசம்பர் 11ந்தேதி ஓட்டுப் போட்டோம், 13ந்தேதி எண்ணி முடிச்சு, போன அஞ்சு வருஷம் பஞ்சாயத்த ஆண்ட அந்தக் கட்சிக்கு ஒரே ஒரு வார்டுதான் மிஞ்சுச்சுன்னு தெரிஞ்சதும் ஜங்ஷன்ல ராத்திரி வரைக்கும் பட்டாசு வெடிச்சாங்க, அஞ்சு வருஷத்துக்கு முன்னால இதே ஜங்ஷன்ல இதே ஆளுங்க அந்தக் கட்சிக்காக வெடிச்சதையும் நான் கடைல உக்காந்து பாத்தேன். அந்தக் கட்சிக்காரங்க மேல புகாரு மேலிடத்துக்கு போயிருக்கறதால கட்சிப் பேரு எழுதல, ஊர்ப் பேரும் எழுதல, கேரளாவுல பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கால தமிழ்நாட்டு எல்லையோரமா இருக்கற பஞ்சாயத்துன்னு மட்டும் சொல்றேன், படிக்கற உங்களுக்குத் தெரியும் யாரைச் சொல்றேன்னு.

எல்லாரும் ஒண்ணே சொல்றாங்க, சனங்க ஊழலுக்குப் பாடம் சொல்லீட்டாங்கன்னு. உங்க பதவியேற்பு அன்னிக்கு மைக்ல பேசினவங்களும் அதத்தான் சொன்னாங்க. எனக்கு அது சரின்னு படல. அவங்க ஊழல் பண்ணப்ப ஊருக்குத் தெரியும், டீக்கடைல உக்காந்து யாருக்கு எத்தன பங்குன்னு வெளிப்படையா பேசுவாங்க, பேசீட்டு போய் அவங்களுக்கே ஓட்டுப் போட்டாங்க. அவங்க விழுந்தது தண்ணி லாரிக்காரருக்கும் அந்தக் கட்சித் தலைவருக்கும் பில்லுல சண்ட வந்து போன மார்ச் மாசம் லாரி நின்னதாலதான். லாரி நிக்காம இருந்திருந்தா இன்னிக்கு நீங்க அந்த சீட்ல இருந்திருக்க மாட்டீங்க. இதச் சொல்றது உங்க ஜெயிப்ப கொறச்சு பேசறதுக்கு இல்லங்க, அவங்க உள்ள வந்த வழி இன்னும் அடைபடாம இருக்குங்கறதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

மொதல்ல அவங்க எப்படி வந்தாங்கன்னு பாருங்க. ஆரம்பத்துல அது கட்சியே கிடையாது. ரேஷன் கடைக்கு ஒட்டுன ஒரு சின்ன ரூம்ல நாலஞ்சு படிச்ச பசங்க, சாயங்காலமானா பெஞ்ச் போட்டு உக்காந்து எல்லாருக்கும் ஃபாரம் நிரப்பிக் குடுத்தாங்க. நம்ம பக்கம் இது எவ்வளவு பெரிய உதவின்னு வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு இந்த எல்லை ரோட்டுல வீட்டுக்குள்ளயும் காட்டுலயும் கோயில்லயும் எல்லாம் தமிழ்தான், ஆனா பஞ்சாயத்து ஆபீஸ் படியேறினா ஃபாரம், நோட்டீஸ், போர்டு எல்லாம் மலையாளம். வயசானவங்க ஒரு விதவை பென்ஷனுக்கு எழுதிப் போடணும்னா கூட இன்னொருத்தர் கைய எதிர்பாத்துத்தான் நிக்கணும். 1969ல வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டத்துலயே தமிழ், கன்னடம் பேசற சிறுபான்மைக்காரங்க அவங்க மொழியிலயே அரசாங்கத்துக்கு எழுதலாம், மொழிச் சிறுபான்மை ஏரியான்னு அறிவிச்ச எடத்துல இருக்கற ஆபீசுகளுக்கும் எழுதலாம், பதிலும் அந்த மொழியில வரணும்னு இருக்கு. சட்டம் இருந்தும் கவுண்டர்ல அது நடக்கல, அந்த எடவெளில வந்து உக்காந்தவங்கதான் இவங்க. அன்னிக்கு அவங்க பண்ணது நல்ல வேலை, நான் இன்னிக்கும் அப்படித்தான் சொல்லுவேன், என் மாமியாரோட பென்ஷன் ஃபாரமே அந்த ரூம்ல எழுதுனதுதான், ஒரு டீக்கு கூட காசு வாங்கல.

2015 ஒரு மாதிரி நம்பிக்கையான வருஷம். செப்டம்பர்ல மூணாறுல நம்ம தமிழ் பொம்பளைங்க, தேயிலை பறிக்கறவங்க, எந்த யூனியன் தலைவரையும் பக்கத்துல விடாம பெம்பிளை ஒருமைன்னு ரோட்டுல உக்காந்து 20 சதவீதம் போனஸ் வாங்கினாங்க, அந்த வருஷமே உள்ளாட்சித் தேர்தல்ல நின்னு சீட்டும் ஜெயிச்சாங்க. அதே தேர்தல்ல எர்ணாகுளம் பக்கம் கிழக்கம்பலத்துல டுவெண்டி டுவெண்டிங்கற அமைப்பு 19 வார்டுல 17 எடுத்துச்சு. பெரிய கட்சிங்க இல்லாம ஊர்க்காரங்களே பஞ்சாயத்த பிடிக்கலாம்னு எல்லாரும் பேசின நேரம், நம்ம ரூம் பசங்களும் சுயேச்சையா நின்னாங்க, ரெண்டு மூணு வார்டு வந்துச்சு. கிழக்கம்பலத்த மாதிரி பண்ணப் போறோம்னு தலைவர் அன்னிக்கு மேடைல சொன்னாரு, ஆனா அங்க செலவு பண்றதுக்கு ஒரு பெரிய கம்பெனி சமூக வேலைக்குன்னு ஒதுக்கற சி.எஸ்.ஆர். பணம் இருந்துச்சு, இங்க எந்த கம்பெனி இருக்கு, இங்க இருக்கற ஒரே பெரிய பணம் பஞ்சாயத்து பணம்தான்னு யாரும் அன்னிக்கு யோசிக்கல.

அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க அந்த வறட்சி. 2016ல ரெண்டு மழையும் ஏமாத்திருச்சு, அக்டோபர்லயே கேரளாவுல 14 ஜில்லாவையும் வறட்சி ஜில்லான்னு அறிவிச்சாங்க. நம்ம பக்கம் மழை மறைவு பிரதேசம், சாதாரண வருஷத்துலயே போர்ல ஆயிரம் அடிக்கு போறவங்க. தமிழ்நாடும் கேரளாவும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்துல மணக்கடவுல வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. நமக்குன்னு எழுதி வச்சிருக்காங்க, அது எப்ப தெறப்பாங்க எத்தன விடுவாங்கன்னு ஒவ்வொரு வருஷமும் ரெண்டு கவர்மெண்டும் பேசிட்டே இருக்கும், இங்க தென்னை மண்டை காஞ்சு விழுந்துட்டிருக்கும். 2017 கோடைல தலைவர் எங்கிருந்தோ நாலு டேங்கர் கொண்டுவந்து எறக்கினாரு. பஞ்சாயத்து லாரி வாரத்துக்கு ஒரு தடவ வந்த எடத்துல இவரு லாரி ஒண்ணு விட்டு ஒரு நாள் வந்துச்சு. குடத்தத் தூக்கிட்டு வெயில்ல நிக்கற பொம்பளைக்கு அது யாரு பணம்னு கேக்கத் தோணாதுங்க, எனக்கும் புரியுது. அந்த வருஷம்தான் எல்லாரும் அவர தலைவர்னு கூப்பிட ஆரம்பிச்சது, அதுவரைக்கும் அவரு வெறும் பேரு சொல்லிக் கூப்பிடற பையன்.

அந்த லாரி கூடவே சீட்டும் வந்துச்சு. மஞ்ச கலர்ல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அட்டை, ஒரு பக்கம் தலைவர் படம், இன்னொரு பக்கம் முப்பது கட்டம், தண்ணி பிடிச்சா டிரைவர் ஒரு கட்டத்துல பேனாவுல கோடு போடுவான். கூட்டமா வர்றதால வரிசைக்காகன்னு சொன்னாங்க. ஒரு மாசம் போச்சு, சீட்டு இல்லாத வீட்டுக்கு லாரியோட தண்ணி ஓசு எறங்கல. அடுத்த மாசம் சீட்டு வாங்கணும்னா கட்சி ரூமுக்கு வரணும்னாங்க, ரூமுக்கு போனா உறுப்பினர் ஃபாரத்துல பேரு எழுதணும்னாங்க. என் கடைக்கு பின்னால ஒரு வீட்டுல மாமனார் பழைய கம்யூனிஸ்ட்டு, சீட்டு வாங்க மாட்டேன்னுட்டாரு, அந்த வீட்டு நீல டிரம்மு கோடை முடியற வரைக்கும் காலியா வாசல்ல நின்னுச்சு, லாரி அத உரசிட்டு போகும், நிக்காது. மருமக பிள்ள பொறந்து நாப்பது நாள் கூட ஆகாதவ, பக்கத்து வீட்டுல குடம் குடமா கடன் வாங்கினா. அந்த லாரி அதுக்குள்ள பஞ்சாயத்து செலவுல ஓட ஆரம்பிச்சாச்சுங்கறதுதான் இதுல கொடுமை. குடி தண்ணி குடுக்கறது பஞ்சாயத்தோட கடமை, அது இவங்க கைக்கு வந்ததும் தலைவரோட தர்மமா மாறிடுச்சு. எல்லாத்தையும் இப்படித்தான் மாத்தினாங்க. கொரோனா வந்தப்ப கவர்மெண்ட் மளிகை கிட்டு ரேஷன் கடைல எல்லா கார்டுக்கும் குடுத்தது, இவங்க பசங்க கார்ட வாங்கிட்டு போய் அந்த மளிகைய வாங்கி, தலைவர் படம் போட்ட மஞ்சப் பைல மாத்திப் போட்டு வீடு வீடா கொண்டு வந்து குடுத்தாங்க. வயசானவங்க கை எடுத்து கும்பிட்டாங்க. அதே 2020 மே மாசம் வாளையார் செக்போஸ்ட்ல பாஸ் இல்லாம நம்மாளுங்க வெயில்ல நின்னுட்டிருந்தப்ப, கோயமுத்தூர்லயும் திருப்பூர்லயும் மாட்டினவங்களுக்கு பாஸ் எடுத்துக் குடுத்ததும் இவங்கதான், அதையும் மறைக்காம சொல்லணும். அந்த டிசம்பர்ல மெஜாரிட்டி வந்துருச்சு.

இனி அவங்க ஆட்சிய சொல்றேன், இத நீங்க ஒவ்வொருத்தரும் கவனமா படிக்கணும்னு கேட்டுக்கறேன்.

நம்ம சட்டம், அதாவது 1994 கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம், ரொம்ப தெளிவா எழுதுன சட்டம். ஒரு வார்டுல இருக்கற ஓட்டர் எல்லாரும் சேந்தா கிராம சபை, மூணு மாசத்துக்கு ஒருக்காலாவது கூடணும், பத்து சதவீதம் பேரு வந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும், கூட்டறது வார்டு மெம்பரோட பொறுப்பு, தொடர்ந்து ரெண்டு தடவ கூட்டாம விட்டா மெம்பர் பதவியே போயிரும். யாருக்கு வீடு, யாருக்கு ஆடு மாடு, யாருக்கு கக்கூஸ்னு லிஸ்டுல முன்னுரிமை போடறது கிராம சபை, அது போட்ட வரிசைய பஞ்சாயத்து கமிட்டி மாத்தக் கூடாது. 1996ல ஜனகீயாசூத்திரணம்னு மக்களே திட்டம் போடற இயக்கம் வந்தப்ப ஸ்டேட் பிளான் பணத்துல 35ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் உள்ளாட்சிக்கு எறக்கினதே இந்த கிராம சபைய நம்பித்தான். எங்கம்மா அப்ப நடந்த சபைகள பத்தி சொல்லுவாங்க, ஸ்கூல் ஹால் பத்தாம வேப்பமரத்தடில உக்காந்து ராத்திரி லைட்டு போட்டு பேசுனாங்களாம், சண்டையே போடுவாங்களாம் எந்த ரோடு மொதல்ல போடறதுன்னு.

அந்தக் கட்சி இத ஒடைக்கல, ஒடைச்சிருந்தா கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். கூட்டத்துல நடந்தத எழுதற மினிட்ஸ் புக்க அவங்க வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க, அவ்வளவுதான். என் கடைக்கே வந்தது. ஒரு பையன், நல்ல பையன், அவங்க அம்மாவுக்கு நான்தான் ஜாக்கெட் தைப்பேன், ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவருக்குள்ள அந்த நீள ரிஜிஸ்டர வச்சு பைக்ல எடுத்துட்டு வருவான். மேல முக்கால் பக்கம் வெள்ளையா இருக்கும், கீழ கையெழுத்துக்கு கோடு. அக்கா, தண்ணி விஷயமா ஒரு கையெழுத்து போடுங்கம்பான். நான் மேல என்ன எழுதப் போறீங்கன்னு கேட்டதுக்கு செக்ரட்டரி எழுதிக்குவாருன்னான். நான் போடல, ஆனா எதிர்ல டீக்கடைல வரிசையா போட்டாங்க, படிக்கத் தெரியாத பாட்டிங்களுக்கு ஸ்டாம்ப் பேட் கூடவே வச்சிருந்தான்.

அப்புறம் நாங்க மூணு பேரு சேந்து தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அந்த மினிட்ஸோட காப்பி கேட்டோம். முப்பது நாள்ல குடுக்க வேண்டியத இழுத்தடிச்சு குடுத்தாங்க. அந்தக் காப்பிய நீங்க பாக்கணும். ஸ்கூல் ஹால்ல காலைல கிராம சபை கூடுனதா எழுதியிருந்த தேதில ஊரே மாரியம்மன் கோயில்ல கம்பம் சுத்தீட்டிருந்துச்சு, ஸ்கூலு பூட்டிக் கிடந்துச்சு. லைஃப்ங்கற கவர்மெண்ட் வீட்டுத் திட்டத்தோட லிஸ்ட பரிசீலிச்சு தகுதி இல்லாதவங்கள நீக்குனதா அதுல இருக்கு, நீக்குன பேருல ஒண்ணு எங்க தெருல தார்ப்பாய் கட்டுன குடிசைல இருக்கற ஒரு அம்மா, காரணம் ஆள் ஊரில் இல்லைன்னு போட்டிருக்கு. அவங்க திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு வாரக் கூலிக்கு போய் வர்றவங்க, சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்துருவாங்க. அதே பக்கத்துல, அதே மினிட்ஸ்ல, கீழ கூட்டத்துக்கு வந்தவங்க கையெழுத்துல அந்த அம்மா பேரும் கைநாட்டும் இருக்குங்க. ஊர்ல இல்லைன்னு சொல்லி வீட்ட எடுத்தாங்க, கூட்டத்துக்கு வந்தாங்கன்னு கைநாட்ட காட்டி கோரம் சேத்தாங்க. அந்தக் காகிதத்த கைல வச்சுட்டு எனக்கு கையெல்லாம் நடுங்கிருச்சு. லைஃப்ல ஒரு வீட்டுக்கு 4 லட்சம், அந்தக் குடிசைக்கு அது எவ்வளவு பெரிய பணம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

வீடு கெடச்சவங்களும் முழுசா வாங்கல. ஒவ்வொரு தவணை எறங்கும்போதும் ரூமுக்கு போய் பாத்துட்டு வரணும், எம்.சாண்டும் சிமெண்டும் அவங்க சொன்ன எடத்துலதான் எடுக்கணும், வேற எடத்துல எடுத்தா அடுத்த தவணைக்கு ஃபோட்டோ எடுக்க ஆள் வராது. பேஸ்மெண்ட்டோட நின்ன வீடுங்க இன்னும் நிக்குது, போய் பாருங்க, உள்ள ஆமணக்கு மொளச்சிருக்கு. 1600 ரூபா பென்ஷன் வீட்டுக்கு கொண்டுவந்து குடுக்கறப்ப கூடவே கட்சிப் பையன் ஒருத்தன் வருவான், கட்சி நிதின்னு நூறு ரூபா வாங்கிட்டு ரசீது தரமாட்டான். நூறுதானேன்னு எல்லாரும் விட்டாங்க. இப்ப நவம்பர்ல இருந்து பென்ஷன் 2000 ஆயிருக்கு, இனி யாரு கூட வரப் போறாங்கன்னு பாத்துக்கிட்டேதான் இருக்கோம்.

தண்ணி லாரி பில்லு தனிக் கதை. டேங்கர்ல ஜி.பி.எஸ். வேணும், நடை எழுதற லாக் புக்கு வேணும்னு உத்தரவு இருக்கு. லாக் புக்கு இருந்துச்சு, எல்லா பக்கமும் ஒரே பேனாவுல ஒரே கைல ஒரே மூச்சுல எழுதுன மாதிரி. இதோட ஒட்டுன இன்னொண்ணு, ஜல் ஜீவன்ல வீட்டுக்கு வீடு குழாய் போட ரோட்டத் தோண்டுனாங்க, வாசல் வரைக்கும் பைப்பு வந்துச்சு, டேப்பும் மாட்டினாங்க, மேநிலைத் தொட்டிக்கு எடம் குடுக்கற ஃபைல் மட்டும் பஞ்சாயத்துல நகரவே இல்ல. குழாய்ல தண்ணி வந்துட்டா லாரிக்கு வேலை இல்லைல்ல. காஞ்ச டேப்புல பிள்ளைங்க சைக்கிள் பூட்டு மாட்டி வச்சிருக்காங்க இன்னிக்கும்.

தமிழு தமிழுன்னு இங்க பேசுனவரு அதுக்கும் எதுவும் பண்ணல, அது எனக்கு ஆறாத கோவம். இவங்க மெஜாரிட்டில இருந்த அஞ்சு வருஷத்துல பஞ்சாயத்து நோட்டீஸ் போர்டுல தமிழ்ல ஒரு காகிதம் ஒட்டினாங்களா? கவுண்டர்ல தமிழ் ஃபாரம் வந்துச்சா? வரவே வராது, ஏன்னா ஃபாரம் எல்லாருக்கும் புரிஞ்சுட்டா அந்த ரூமுக்கு யாரு போவாங்க. இங்க மேடைல மலையாளத்தான் நம்மள மதிக்கறதில்லன்னு கத்துவாரு, பாலக்காட்டுக்கு போய் ரெண்டு முன்னணிகிட்டயும் மாத்தி மாத்தி நல்ல மலையாளத்துல பேரம் பேசுவாரு. நம்ம கூட பல தலைமுறையா ஒண்ணுமண்ணா இருக்கற மலையாளி குடும்பங்க, கள்ளு எறக்கற செத்துக்காரங்க, தோப்புக்காரங்க, அவங்க பிள்ளைங்களோட நம்ம பிள்ளைங்க பேசாம இருந்த நாளும் வந்துச்சு இவரால.

கடைசில உள்ளுக்குள்ளயே அடிச்சுக்கிட்டாங்க. லாரிக்காரரு தன் பில்லு நிக்குதுன்னு ஒரு பக்கம் மெம்பருங்கள இழுத்தாரு, தலைவரு ஒரு பக்கம் இழுத்தாரு. கட்சி மாறினா பதவி போயிரும், ஆறு வருஷம் நிக்கவும் முடியாதுன்னு 1999 சட்டம் இருக்கறதால யாரும் வெளிய வரல, ஒரே பேர்ல ரெண்டு கும்பலா உக்காந்துட்டு கமிட்டி கூட்டம்னாலே கோரம் இல்லாம கலையும். லாரி நின்னுச்சு, சீட்டுல கோடு போட ஆள் இல்ல, சனம் திரும்பிருச்சு. இவ்வளவுதான் அந்த வீழ்ச்சி.

இப்ப போன வாரம் என் கடைக்கு அந்தக் கட்சியோட பழைய மெம்பர் ஒரு பொண்ணு வந்தா. பெண்கள் ரிசர்வேஷன் வார்டு, வீட்டுக்காரர்தான் அவள நிறுத்தினாரு, அஞ்சு வருஷமும் ஆபீசுக்கு போனது, கையெழுத்து எங்க போடணும்னு காட்டுனது எல்லாம் அவரு. ஆடிட்ல இருந்து அவ பேருக்கு நோட்டீஸ் வந்திருக்கு, படிச்சுச் சொல்லுங்கக்கான்னு நீட்டுனா. நஷ்டமான பணத்துல அவ பங்குன்னு ஒரு தொகை போட்டு விளக்கம் கேட்டிருக்கு. எந்த பில்லுன்னே அவளுக்குத் தெரியல. வீட்டுக்காரர் என்ன சொல்றாருன்னு கேட்டேன், ஃபோன எடுக்கறதில்ல, பொள்ளாச்சில இருக்காருன்னா. பிரசிடெண்ட் அம்மணி, கமிட்டில இருக்கற மத்த அம்மணிங்களும் கேளுங்க, நம்ம கேரளாவுல உள்ளாட்சில பாதி சீட்டு பொம்பளைங்களுக்கு, உங்கள்ல பாதிப் பேரு அப்படி வந்தவங்கதான். உங்க நாற்காலில நீங்களே உக்காருங்க. கமிட்டி நடக்கறப்ப வீட்டுக்காரங்கள ரூமுக்குள்ள விடாதீங்க. கையெழுத்து உங்களுது, நோட்டீஸும் உங்க பேருக்குத்தான் வரும்.

இன்னொண்ணும் கேக்கணும். முந்தி தலைவரோட வண்டில முன் சீட்ல உக்காந்து வந்த காண்ட்ராக்டர், உங்க பதவியேற்பு அன்னிக்கு மாலையோட உங்க பின்னால நின்னாரு. ஃபோட்டோல இருக்கு. அவரு நல்லவரா கெட்டவரான்னு எனக்கு வழக்கில்ல, அவரோட பழைய பில்லுகள தணிக்கை முடியற வரைக்கும் பாஸ் பண்ணாதீங்க, புது வேலையும் குடுக்காதீங்க. ஸ்டேட் ஆடிட் ரிப்போர்ட் வந்திருக்கு, அத அலமாரில பூட்டாம ஒவ்வொரு வார்டு சபைலயும் தமிழ்ல படிச்சுக் காட்டுங்க, எந்த ரோடு, எந்த லாரி, எத்தன ரூபான்னு. உள்ளாட்சிக்குன்னே புகார விசாரிக்கற ஓம்புட்ஸ்மன் இருக்கு, நீங்க அனுப்பலேன்னா நாங்க எழுதிப் போடுவோம், ஆனா கமிட்டியே அனுப்பினா அதுக்கு இருக்கற எடை வேற.

ஒரு பஞ்சாயத்தால என்ன ஆகும்னு சில மெம்பருங்க சொல்றீங்கன்னு கேள்விப்பட்டேன், எல்லாம் மேல இருந்து வரணும்னு. நம்ம பக்கத்து பெருமாட்டி பஞ்சாயத்த பாருங்க. அங்க பிளாச்சிமடைல 2000ல கொக்கக்கோலா கம்பெனி வந்துச்சு, கிணத்துத் தண்ணி கெட்டுப் போச்சு, 2002 ஏப்ரல் 22ந்தேதி கம்பெனி கேட்டுக்கு எதுத்தாப்புல பந்தல் போட்டு உக்காந்தாங்க. உக்காந்தது யாரு, தமிழ் பேசற எரவாளர் பழங்குடி பொம்பளைங்க, மயிலம்மா மாதிரி எழுதப் படிக்கத் தெரியாதவங்க. 2003ல பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸ புதுப்பிக்க மாட்டோம்னு தீர்மானம் போட்டுச்சு, கேசு கோர்ட்டுன்னு எல்லாம் இழுத்துச்சு, 2004 மார்ச்ல கம்பெனி நின்னுச்சு, அப்புறம் தெறக்கவே இல்ல. உலகம் முழுக்க விக்கற கம்பெனி, நம்மள மாதிரி ஒரு கிராம பஞ்சாயத்தோட தீர்மானத்துக்கு முன்னால நின்னு பதில் சொல்ல வேண்டி வந்துச்சு. உங்க கைல இருக்கறதும் அதே அதிகாரம்தான். ஒரு மேநிலைத் தொட்டிக்கு எடம் குடுக்கற தீர்மானம் போட உங்களுக்கு யாரு அனுமதி வேணும்? மொத கமிட்டிலயே அத எடுங்க, கோடைக்கு முன்னால. மார்ச்ல மறுபடியும் லாரி எறங்கினா அதுல யாரோட படமும் இருக்கக் கூடாது, உங்க படமும்தான், எந்தத் தெருவுக்கு என்னிக்குன்னு அட்டவணைய எல்லா பஸ் ஸ்டாப்புலயும் தமிழ்லயும் மலையாளத்துலயும் ஒட்டுங்க. சீட்டு வேண்டாம். யாரு ஓட்டுப் போட்டாங்க யாரு போடலன்னு பாக்காம அந்த நீல டிரம்முக்கு முன்னாலயும் லாரி நிக்கணும்.

கவுண்டர்ல தமிழ் ஃபாரம் வைங்க. அது செலவே இல்லாத வேலை, ஒரு நாள் பிரிண்ட் எடுத்தா முடிஞ்சுது. நிரப்பிக் குடுக்க ஆள் வேணும்னா குடும்பஸ்ரீ மகளிர் குழுவுல படிச்ச பொண்ணுங்க நெறைய பேரு இருக்காங்க, ஆபீஸ் வராந்தாலயே டேபிள் போட்டு உக்கார வைங்க, எந்தக் கட்சி ரூமுக்கும் யாரும் போக வேண்டாம். அந்தக் கட்சில இன்னும் நல்ல பசங்க இருக்காங்க, ஆரம்பத்துல பெஞ்ச் போட்டு எழுதிக் குடுத்த அந்த நாலஞ்சு பேர்ல ரெண்டு பேரு பாதிலயே ஒதுங்கிட்டாங்க, அவங்களயும் கூப்பிடுங்க, பழி வாங்கறதுக்கு இது நேரமில்ல. வீட்ட இழந்த அந்தத் திருப்பூர் அம்மாவோட பேரு, அவங்கள மாதிரி ஆள் இல்லைன்னு எழுதி நீக்குன எல்லார் பேரும், பழைய மினிட்ஸ்ல இருக்கு. அத எடுத்து சபைல ஒவ்வொரு பேரா கூப்பிட்டு கேளுங்க, ஆள் இருந்தா கை தூக்கட்டும், பேர திருப்பிச் சேக்கறதுக்கு தீர்மானம் போட்டு மேல அனுப்புங்க.

அதுக்காகத்தான் எங்க வார்டுல தனி கிராம சபை கேட்டு கையெழுத்து வாங்கிட்டிருக்கோம். ஓட்டர்ல பத்து சதவீதம் பேரு எழுதிக் குடுத்தா கூட்டியே ஆகணும்னு சட்டம் சொல்லுது, எங்களுக்கு அதுக்கும் மேலயே கையெழுத்து சேந்தாச்சு, ஒவ்வொருத்தரும் மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு, படிக்கத் தெரியாதவங்க படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு போட்டது. மனு தமிழ்ல இருக்கு. வர்ற திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு ஆபீசுக்கு கொண்டு வர்றோம், மெம்பரும் செக்ரட்டரியும் இருங்க, வாங்கிட்டு தேதி போட்டு சீல் வச்சு ரசீது குடுங்க, கூட்டத்துக்கு தேதியும் அன்னிக்கே சொல்லீருங்க, திருப்பூர் போறவங்க லீவு சொல்லணும்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாப் தையக்கடைக்காரி